வுப்போவைப் பிடிக்க வுப்போ எழுதிய அட்டை

எங்கள் ஊர்க் குழந்தைகளைச் சட்டையோடும் செருப்போடும் தண்ணீரில் தள்ளுகிறவன் வுப்போ டைக்ஹௌஸ். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். போட்ட உடுப்போடு குளத்தில் குதித்து, முங்கி, தண்ணீருக்கடியில் தொங்கும் தார்ப்பாயின் ஓட்டைக்குள் புகுந்து மறுபக்கம் எழுந்து வந்தால்தான் எங்கள் நாட்டில் ஒரு பிள்ளைக்கு நீச்சல் சான்றிதழ். அழுகிற குழந்தைக்கும், அதைவிடப் பலமாக அழுகிற அம்மாவுக்கும் வுப்போ சொல்வது ஒன்றுதான்.

“கால்வாய்ல விழுறவன் நீச்சல் டிரஸ் மாட்டிக்கிட்டா விழுறான்? விழுறப்ப எப்படி இருப்பியோ அப்படியேதான் பழகணும். குதி ராஜா.”

கடல் மட்டத்துக்குக் கீழே படுத்து உறங்குகிற ஜனங்கள் நாங்கள். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணையைக் கோலுவோம், அதைப் பற்றிக் கூட்டம் போடுவோம், கூட்டத்துக்குக் காபி ஊற்றுவோம், காபிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டிவிட்டு டப்பாவை மூடிவிடுவோம். இரண்டாவது பிஸ்கட் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் குரோனிங்கன் மாகாணத்தில் கருமி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் முதல் பிஸ்கட்டையே கொடுக்காதவராக இருக்க வேண்டும்.

ஊருக்கெல்லாம் அணை இருந்தது, வுப்போவின் தலைக்கு மட்டும் இல்லை. இருமுனைக் கோளாறு என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவனும் அவன் அக்கா ஃபென்னாவும் ‘ஏற்றம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். பல வருடம் ஒன்றுமிருக்காது. திடீரென ஒரு வசந்தத்தில் தூக்கம் போகும், உலகம் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும், வுப்போ ஏறிக்கொண்டே போவான்.

போன முறை ஏறியபோது அவனுக்கு மாடுகளைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. அணை உடைந்தால் பிள்ளைகள் நீந்திப் பிழைத்துக்கொள்ளும், மாடுகள்? ஒன்றிடமாவது சான்றிதழ் உண்டா? கேள்வியில் பிழையில்லை. ஊரில் பாதிப் பேர் முதலில் தலையாட்டியும்விட்டார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு மாடுகளை ஓட்டிவந்து ஒன்றை ஆழமில்லாத பக்கமாகக் குளத்துக்குள் இறக்கிவிட்டான். குளத்து நிர்வாகி பெரண்ட், ஒல்லியான, எதற்கும் சத்தம் போடாத மனிதர், அன்று சத்தம் போட்டார்.

“வுப்போ! மாடுடா அது!”

“தெரியுது பெரண்ட். டிரஸ் போடலையேன்னுதானே பாக்குற? அதுக்குத் தோலே டிரஸ்தான்.”

மாடு தண்ணீரில் நின்று, மாடு செய்ய வேண்டியதைச் செய்தது. போலீஸ் வந்தது. ஈர உடுப்போடு சுவரோரம் வரிசையாக நின்ற பிள்ளைகளின் கண்ணெதிரே வுப்போவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துப் போனார்கள். மருத்துவமனையில் போட்ட ஊசியில் நாக்கு மரத்துப்போய், ஃபென்னாவின் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை. மருத்துவமனைக்காரர்கள் என்றோ பிரிந்துபோன அவன் மனைவிக்குப் போன் போட்டார்கள். அவள் தவறான எண் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பூனை பட்டினி கிடந்தது.

இறங்கி வந்த பிறகு வுப்போவை அறுத்தது அந்தச் சுவரோர வரிசைதான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பெரண்ட் அவனை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “உன்ன மாதிரி ஒரு மாஸ்டர் எனக்குக் கிடைக்க மாட்டான். ஆனா பிள்ளைங்க முன்னாடி இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உன்னக் காப்பாத்த முடியாதுப்பா” என்றார். தண்ணீரை விட்டால் வுப்போவுக்குப் போக்கிடம் கிடையாது. அடுத்த ஏற்றத்தில் பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்பே தன்னை யாராவது பிடித்துவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்தான்.

அதற்கு எங்கள் நாட்டில் வழி உண்டு. நெருக்கடி அட்டை என்று பெயர். தலை நன்றாக இருக்கும்போதே, தலை கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மருத்துவரிடமும் கையெழுத்து வாங்கி, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வது. எழுத உதவி செய்வதற்கென்றே ஆள் வருவார்கள். வுப்போவுக்கு வந்தவள் ரென்ஸ்கெ. சின்னப் பெண், பெரிய மூக்குக்கண்ணாடி, எதைச் சொன்னாலும் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள்.

“ஏற்றம் ஆரம்பிக்கிறது எதுல தெரியும்?” என்று கேட்டாள்.

வுப்போ யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபென்னா யோசிக்கவில்லை. “பிஸ்கட் டப்பா. மூடியத் திறந்தே வச்சிடுவான். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு சொல்லுவான்.”

ரென்ஸ்கெவின் பேனா ஒரு கணம் நின்றது. “எவ்வளவு வேணும்னாலுமா?” என்றாள். பிறகு அழுத்தி அடிக்கோடிட்டாள்.

அடுத்தது, முன்கூட்டி நேரம் குறிக்காமல் மனிதர்களின் வீட்டுக்குப் போய் நிற்பது. மூன்றாவது, பிறந்தநாள் விருந்தில் எல்லோரையும் போல வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்காராமல் நடுவில் நிற்பது. நான்காவது, விலங்குகளின் பாதுகாப்பு. அறிகுறிகள் முடிந்ததும் ஏற்பாடுகள். போலீஸ் வண்டி வேண்டாம், அக்காவின் கார். நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்த ஊசி வேண்டாம், இன்ன மாத்திரை. ஜன்னல் உள்ள அறை. காபியில் சர்க்கரை கூடாது. பூனை பெரண்ட் வீட்டுக்கு, நூலகப் புத்தகங்கள் நூலகத்துக்கு. வீட்டுத் தொட்டியிலிருந்த ஒரே செடிக்குக்கூட ஆள் போட்டாயிற்று.

“அப்ப நீங்க என்னெல்லாம் சொல்வீங்க?” என்றாள் ரென்ஸ்கெ.

இதற்கு வுப்போவே பதில் சொன்னான். “நான் நல்லா இருக்கேன்னு சொல்வேன். நம்பாதீங்க. கார்டு செல்லாதுன்னு சொல்வேன். நம்பாதீங்க. அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்து என்மேல பொறாமைன்னு சொல்வேன்.”

“பொறாமையா? உன்மேலயா? மூஞ்சியப் பாரு” என்றாள் ஃபென்னா.

“அதான் எழுதச் சொல்றேன்.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, வுப்போ அதைக் கையெழுத்தும் தேதியும் போட்டுச் செய்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அறிகுறிகள் ஊருக்கே தெரிந்துபோயின. ஒருநாள் குளத்து ஓய்வறையில் போன் மணி அடித்து, வுப்போ டப்பாவை மூட மறந்து எழுந்து போய்விட்டான். திரும்பி வருவதற்குள் ஃபென்னாவுக்கு ஐந்து பேர் போன் போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் அந்த இடைவெளியில் இரண்டாவது பிஸ்கட்டும் எடுத்திருந்தார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில் நிஜமாகவே தூக்கம் போயிற்று.

வுப்போவுக்கு அது நோயாகத் தெரியவில்லை. எப்போதும்போல இல்லாமல் இந்த முறை உண்மையாகவே எல்லாம் விளங்கியது. மாடுகளைப் பற்றி நினைத்தது சின்ன புத்தி. தண்ணீரோரம் நிற்கிற பெரிய உருப்படி எது? அணை! நூற்றாண்டுக் கணக்காகக் கடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதற்கு யாராவது நீச்சல் கற்றுக்கொடுத்தார்களா? அது விழுந்தால் என்ன செய்யும்? குழந்தைகளை அணைக்கு எதிரில் கொண்டுபோய் உடுப்போடு நீந்தவிட்டால் அணை பார்த்துக் கற்றுக்கொள்ளும். இவ்வளவு எளிதான விஷயம் எங்கள் நாட்டு நீர்த்துறைப் பொறியாளர்களுக்குத் தோன்றாமல் போனதை நினைத்து அவனுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு எதிரிதான் குறுக்கே நின்றான், அட்டையை எழுதிய வுப்போ. தன் எல்லாத் தந்திரத்தையும் அறிந்த, சிரிக்கத் தெரியாத, மாத்திரையை வேளாவேளைக்கு விழுங்கிய அந்தப் பழைய வுப்போவை இவனுக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஆனால் பயமில்லை. அவன் எழுதியது கையில் இருக்கிறதே! அட்டையை எடுத்து வரிவரியாகப் படித்தான். மாடு என்று இருந்தது, ஆடு, நாய், எந்த உயிரானாலும் என்று இருந்தது. அணைக்கரை என்று எங்கும் இல்லை. ஒரு அறிகுறிகூட வெளியே தெரியாமல் இருந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

ஆகவே வுப்போ இயல்பாக இருக்க ஆரம்பித்தான். எங்கள் ஊரில் இதுவரை யாரும் அவ்வளவு இயல்பாக இருந்ததில்லை. பெரண்டுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, அவர் கை டப்பாவுக்குள் இருக்கும்போதே மூடியை அழுத்தி மூடினான். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கப் போவதற்கு வியாழனுக்கு அடுத்த வியாழன் நேரம் குறித்தான். எதிர்வீட்டுக்காரரிடம், மழையைப் பற்றிப் பேச எப்போது வசதிப்படும் என்று கேட்டான்.

ஃபென்னாவின் பிறந்தநாள் வந்தது. சொன்ன மணிக்குச் சரியாக மணியை அழுத்தினான். எங்கள் வழக்கப்படி பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வட்டத்தைச் சுற்றினான். “உங்க சிநேகிதி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள். பக்கத்து வீட்டம்மா பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்.” தபால்காரர் கடிதம் கொடுக்க வந்து வாசலில் நின்றார். அவருக்கும், “உங்க வாடிக்கையாளர் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்.” பிறகு வட்டத்தில் உட்கார்ந்து, முழங்கால்மேல் தட்டை வைத்து, ஒரே ஒரு கேக் துண்டைச் சாப்பிட்டான்.

ஃபென்னா பேருந்து ஓட்டுகிறவள். எதிரே வருகிற வண்டி எப்போது தடுமாறும் என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ளும் கண் அவளுக்கு. பிறந்தநாள் வட்டத்தில் ஐம்பது வருடமாக முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவன் இன்று முணுமுணுக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அந்த நேரம் சிநேகிதியின் நாய் வந்து வுப்போவின் கையை நக்கியது. வுப்போ கூரையைப் பார்த்தான்.

“இந்த நாயைப் பத்தி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது” என்றான், யாரும் கேட்காமலேயே.

ஃபென்னா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். “வுப்போ, அடுப்படிக்கு வா.”

அடுப்படியில் அவன் நிமிர்ந்து நின்றான். கண் இரண்டும் பளபளத்தன.

“தூங்குறியாடா?”

“கார்டுல தூக்கம் ஒரு அறிகுறியே இல்ல. எடுத்துப் பாரு.” பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். நான்கு நிற மையால் அடிக்கோடிட்டிருந்தது. “டப்பா மூடியாச்சு. நேரம் குறிச்சுதான் வந்தேன். வட்டத்துல உக்காந்தேன். விலங்கு பத்தி மூச்சு விடல. எந்த அறிகுறி? காட்டு. பேச்சுன்னா பேச்சுதான்க்கா. நான் நல்லா இருக்கேன்.”

“நல்லா இருக்கேன்னு சொன்னா நம்பாதீங்கன்னு எழுதியிருக்கு.”

“நல்லா இருக்குறவனும் நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவான்! வேற என்னத்தச் சொல்லித் தொலைவான்?”

ஃபென்னா பேச்சை மாற்றினாள். “சனிக்கிழம பிள்ளைங்களுக்குச் சான்றிதழ் நீச்சல் இல்ல? எல்லாம் தயாரா?”

“தயார். கனமான கோட்டு போட்டு அனுப்பச் சொல்லிப் பெத்தவங்களுக்குச் சொல்லிட்டேன்.”

“குளத்துக்குள்ள எதுக்குடா கனமான கோட்டு?”

வுப்போ வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். அவனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “குளத்துல இல்லக்கா. கடலணைக்கு முன்னாடி, கால்வாய்ல. பிள்ளைங்க நீந்தும். அணை பாக்கும்.”

கால்வாயில் அப்போது ஓரமெல்லாம் பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. ஃபென்னாவுக்கு அழ நேரமில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டாள். அட்டை அங்கே பதிவாகியிருந்ததால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கே நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். அவன் வர மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். இழுத்துக்கொண்டு போக அவளுக்குத் தெம்பில்லை, போலீஸைக் கூப்பிட மனமில்லை.

அப்போதுதான் அவன் சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பு அவள் கண்ணில் பட்டது. எங்கள் நாட்டில் அது இல்லாத சட்டைப்பை கிடையாது. சட்டென்று உருவி, பேனாவால் எழுதி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ‘வெள்ளி, நான்கு மணி, மருத்துவர்.’

“நேரம் குறிச்சாச்சு” என்றாள்.

வுப்போ அதைப் பார்த்தான். ஒருமுறை படித்தான், மறுமுறை படித்தான். நன்றாக இருக்கிற மனிதன் குறித்த நேரத்தைத் தவறவிடுவானா? மாட்டான். பைத்தியம்தான் தவறவிடும். போனால் பிடித்துக்கொள்வார்கள். போகாவிட்டால், இத்தனை நாள் பாடுபட்டுக் கட்டிய இயல்பெல்லாம் பாழ். அவன் பல்லைக் கடித்தான்.

“இது அயோக்கியத்தனம்” என்றான்.

“ஆமா. லேட்டாப் போனா நல்லா இருக்காது. கோட்ட மாட்டு.”

விருந்தாளிகள் வட்டத்தைக் கலைக்காமலேயே கையசைத்தார்கள். சிநேகிதி மட்டும் எழுந்து வந்து, பழக்கதோஷத்தில், “வாழ்த்துகள்” என்றாள்.

காருக்குள் ஏறியதும் வுப்போ ஆரம்பித்தான். “கார்டு செல்லாது. மிரட்டிக் கையெழுத்து வாங்கினீங்க.”

“ரெண்டாவது வரி” என்றாள் ஃபென்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்கு அது மனப்பாடம்.

“சின்ன வயசுலேருந்தே உனக்கு என்மேல பொறாமை.”

“மூணாவது.”

எதைச் சொன்னாலும் அந்தப் பழைய வுப்போ முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தான். சொந்த ஆத்திரத்தைக்கூடத் திருடிவிட்டான், பாவி! அட்டையில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று வுப்போ தேடினான். இரண்டு ரவுண்டானா தாண்டும்வரை தேடினான். கிடைத்தது.

“உனக்குன்னு ஒரு பிள்ளை இல்ல. அதனாலதான் நான் பைத்தியமாவே கிடக்கணும்னு உனக்கு ஆச. நான் நல்லாயிட்டா நீ யாருக்கு என்ன வேணும்?”

ஃபென்னா எந்த வரி என்று சொல்லவில்லை. கியரை மாற்றினாள். மருத்துவமனை வாசலில் அவனை இறக்கி, மாத்திரையின் பெயரைச் சொல்லி, சர்க்கரை இல்லாத காபி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனாள்.

அட்டை சொன்னது சொன்னபடி நடந்தது. ஊசி இல்லை, ஜன்னல் இருந்தது. சான்றிதழ் நீச்சலைப் பெரண்டே குளத்தில் நடத்தினார். கனமான கோட்டோடு வந்த பிள்ளைகள் ஓட்டைக்குள் சிக்கி, சிரித்து, எல்லோரும் தேறினார்கள். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து அனுப்பினார்கள். வேலை போகவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தன்னைத் தானே பிடித்த வகையில் வுப்போவுக்கு இது முழு வெற்றி.

ஆனால் இறங்க இறங்க அவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அணையோ நாயோ அல்ல, காரில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். ஃபென்னா வாரம் தவறாமல் பார்க்க வந்தாள். பழத்தை உரித்துக் கொடுத்தாள், வானிலை சொன்னாள், மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசுவதை அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின், ஃபென்னாவும் கூட இருந்த ஒருநாள், அட்டையைத் திருத்த ரென்ஸ்கெ வந்தாள். “எல்லாம் வேலை செஞ்சிருக்கு” என்றாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “ஏதாவது சேர்க்கணுமா? அபிப்பிராயம் இல்லன்னு சொல்றது ஒரு அறிகுறின்னு போட்டுக்கவா?”

“போட்டுக்கோங்க. இன்னொண்ணு” என்றான் வுப்போ. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “பூனைக்கு ஆள் போட்டேன். செடிக்கு ஆள் போட்டேன். என்னக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்புறவளுக்கு ஒண்ணும் எழுதல. அக்கா தனியாத் திரும்பக் கூடாது. பெரண்ட் கூடப் போகட்டும். அன்னிக்கு ராத்திரி அவ வீட்டுல யாராவது இருக்கணும்.”

ரென்ஸ்கெ எழுதத் தொடங்கினாள்.

“பெரண்டெல்லாம் வேணாம், அவரு கார்ல விசிலடிப்பாரு” என்றாள் ஃபென்னா. பிறகு, “அன்னிக்குக் கார்ல நீ சொன்னதுல பாதி நெஜம்டா” என்றாள்.

வுப்போவுக்கு முகம் வெளுத்தது. “நான் அப்ப...”

“அப்ப உனக்கு முடியல, நான் என்ன திருப்பிச் சொல்ல முடியும்? வாய மூடிக்கிட்டு வண்டி ஓட்டினேன். முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன், எங்க உடைஞ்சிடுவியோன்னு. இப்ப நல்லாதான இருக்க? சொல்லு. இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“எதுக்குக்கா?”

“நான் சண்ட போடணும்.”

ரென்ஸ்கெ பேனாவைத் தூக்கியபடி இருவரையும் பார்த்தாள். “இத எந்தப் பகுதியில எழுதட்டும்?”

“எழுத வேணாம்” என்றாள் ஃபென்னா. “அவன் சொல்லட்டும்.”

வுப்போ நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல பகல் வெளிச்சத்தில், தூங்கி எழுந்த தெளிந்த தலையோடு, அக்காவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னான். அவன் முடிப்பதற்குள் ஃபென்னா மேசையில் ஓங்கி அடித்தாள். காபி சிதறியது. மடையா என்றாள், நன்றிகெட்டவனே என்றாள், மாட்டைக் குளிப்பாட்டியவனே என்றாள், நான் ஒரு ஆளோடு ஊர்சுற்றப் போக வேண்டிய வயதில் உன் பூனைக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தேன் என்றாள். அவன், யார் உன்னைக் கேட்டது என்று கத்தினான். அவள் அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று ரென்ஸ்கெ இரண்டு முறை சொன்னதை யாரும் கேட்கவில்லை. வுப்போவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இவ்வளவு கொடுமையாகத் தன்னைத் திட்டுகிறாளே, அப்படியென்றால் தான் நிஜமாகவே குணமாகிவிட்டோம் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.